எந்த வருஷத்துக்கு

பேட்டையில் லாரிக்குப் பாடி கட்டுகிறவன் நான்.
விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.
கயத்தாறு தாண்டி, ஆவரம்பட்டி விலக்கில்
சண்டைக் காலத்து ஓடுதளம் கிடக்கிறது என்றும்
பக்கத்துக் கிணற்றைத் தூர் வாரியபோது
வாலும் ஒற்றை இறக்கையும் வந்தன என்றும்
ரிவிட் அடிக்கத் தெரிந்த கை வேண்டும் என்றும்
பொறியாளர் அன்னபாக்கியம் வந்து சொன்னபோது
கூலி எவ்வளவு என்றுதான் கேட்டேன்.

எண்பது வருஷம் சகதி குடித்த தகடு,
விரலால் அழுத்தினால் அப்பளம்.
பல் துலக்கும் பிரஷ், வடித்த தண்ணீர்,
நாளொன்றுக்கு ஒரு முழம்.
சேறு போன இடத்தில் ஓர் எண் வந்தது,
அப்புறம் நீலத்துக்குள் வெளிர்நீலமாக ஒரு வட்டம்.
நடுவில் சிவப்பு இருக்க வேண்டுமாம்.
எதிரியின் விமானத்தில் சிவப்பு வட்டம் என்பதால்
தன் சிவப்பைத் தானே அழித்துக்கொண்டதாம் இது.

ஆயிரத்து எழுபத்தொன்பது ரிவிட்.
எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன்.
ஒன்று மட்டும் கோணல்.
இடக்கைக்காரன் அடித்தது.
எனக்குத் தெரியும், நானும் இடக்கை.
கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ பட்டறையில்
சங்கு ஊதப்போகிற நேரம்,
வயிறு அவனை இழுத்திருக்கும்.
பிடுங்கி நேராக அடித்துவிடட்டுமா என்றேன்.
அன்னபாக்கியம் பதறிவிட்டாள்.
'அதுதான் அசல், அண்ணாச்சி. நீங்க அடிக்கதுதான் போலி.
ஒவ்வொண்ணு தலையிலயும் இந்த வருசத்தைக் குத்துங்க.
நாளைக்கு ஒருத்தரும் ஏமாறக் கூடாது.'

பழைய வண்டியைப் புதுசு என்று காட்டியே
முப்பது வருஷம் சோறு தின்றவன் நான்.
அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

கண்காணிப்புக் கட்டடத்தில் பதினோரு பூச்சுச் சுண்ணாம்பு.
ராணுவ ரகசியம் ஏதாவது வரும் என்று
மூச்சைப் பிடித்துச் சுரண்டினார்கள்.
பென்சிலில் தமிழ் எழுத்து வந்தது:
கால்சட்டை 14. தலையணை உறை 6.
ஒரு சட்டை திரும்பவில்லை.
அதைச் சுற்றிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.
யார் சட்டை, ஏன் திரும்பவில்லை,
யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கிட்ணம்மா வந்தது அந்த வாரம்தான்.
ஓடுதளத்தில் இனி வத்தல் காயப்போடக் கூடாது என்று
நோட்டீஸ் போயிருந்தது.
வாசலில் புதுப் பலகை:
'1943-க்குத் திரும்புகிறோம்.'
நின்று வாசித்தாள். மடியிலிருந்து
நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.
ஏக்கருக்கு இவ்வளவு குத்தகை,
சண்டை முடிந்ததும் நிலம் உடையவருக்கே.
கீழே மையில் அமுங்கிய ஒரு கட்டைவிரல்.

'இன்னும் ஒரு வருசம் பின்னால போனா
எங்க கம்மங்காடு வருமே. போவியளா?'

பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள் அன்னபாக்கியம்.
பிறகு மெதுவாக, நல்ல மனசோடுதான் சொன்னாள்:
'இந்தக் காகிதத்தைக் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாதுகாக்கலாம்.'
'பெட்டி வேண்டாம் தாயி.
பதில் எழுதுங்க.'

எழுதினாளா, தெரியாது.
கோப்பு பாளையங்கோட்டைக்குப் போனது என்றார்கள்,
அங்கிருந்து சென்னைக்கு என்றார்கள்.
கிட்ணம்மா மறுநாளே சாக்குகளோடு வந்து
இந்த முனை தொடங்கி அந்த முனை மட்டும்
வத்தலைக் கொட்டி விரித்துவிட்டாள்.
காவலாளி மாசானம் வேறு பக்கம் பார்த்தான்.
மேலிருந்து ஒருவன் அன்றைக்குக் குனிந்து பார்த்திருந்தால்
எதிரியின் தளம் என்றே நினைத்திருப்பான்,
அவ்வளவு சிவப்பு.

நேற்று கடைசி ரிவிட்.
காற்றாலைப் பக்கமிருந்து மேல்காற்று அடித்து
நெடி கொட்டகைக்குள் ஏறிவிட்டது.
சுத்தியலை ஓங்கவும் தும்மல் வரவும் சரியாக இருந்தது.
கோணல்.
ஆணித்தலையைத் தடவிப் பார்த்தேன்.
வருஷம் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

பிடுங்கவில்லை.